குத்துகிற ஊசியும் போடாத ஊசியும்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ராஜாஜி மார்க்கெட் பக்கமோ ரயில்வே ரோட்டுப் பக்கமோ குப்பை வாருகிற அம்மாக்களிடம் கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் இருக்கும். உடைந்த பாட்டில், துருப்பிடித்த பிளேடு, மீன்முள், அதோடு ஊசி. சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டு கேரி பையில் சுருட்டி எறிந்த ஊசி. தெருமுனை கிளினிக்கிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பைத்தொட்டிக்கு வந்து சேர்ந்த ஊசி. குத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "இன்னா பண்றது, சப்பித் துப்பிட்டு வேலையப் பாப்போம்" என்கிறார்கள். சப்பக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாதியில்லை.

நிலம், வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று பேசுகிற பக்கத்தில் தடுப்பூசி பற்றித் தலையங்கமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேளுங்கள். வேலை செய்கிற இடத்தில் தொற்றுநோய் யாருடைய உடம்புக்குள் புகுகிறது, யாருடைய உடம்புக்கு முன்கூட்டியே காப்பு கிடைக்கிறது என்பது சாதியை விட்டுத் தனியாக நிற்கிற மருத்துவக் கேள்வி அல்ல. வட தமிழ்நாட்டு நகரங்களில் குப்பையும் சாக்கடையும் அள்ளுகிறவர்கள் அருந்ததியர், ஆதி ஆந்திரர், காட்டுநாயக்கர், பறையர். இதற்குப் புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம், காலையில் தெருவில் இறங்கினால் போதும்.

மஞ்சக்காமாலை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போய்விடும் என்றும் நம்புகிறோம். அதில் பல வகை உண்டு. தண்ணீர், சோறு வழியாக வருகிறது ஒன்று. பெரும்பாலும் தானாகவே போய்விடும், கீழாநெல்லிக்குப் பேர் கிடைப்பது அங்கேதான். ரத்தம் வழியாக வருகிற ஹெபடைடிஸ் பி வேறு. சிலருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் உட்கார்ந்திருந்து, கடைசியில் ஈரல் சுருங்கி, சிலருக்குப் புற்றுநோயாகவும் முடிகிறது. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவரை நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 100-க்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்றும் வாய்ப்பு. எய்ட்ஸ் கிருமிக்கு அதே கணக்கு 1000-க்கு 3. எய்ட்ஸைப் பற்றிச் சுவர் முழுக்க எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். அதைவிடப் பல மடங்கு சுலபமாகத் தொற்றுகிற, தடுப்பூசியும் இருக்கிற இந்த நோயைப் பற்றிக் குப்பை வண்டிக்காரரிடம் யார் பேசினார்கள்?

ஊசி புதுசும் இல்லை. 1981 முதல் உலகத்தில் இருக்கிறது. முதலில் வெளிநாட்டுச் சரக்காக, பணக்காரர்களுக்கு மட்டும் எட்டுகிற விலையில் இருந்தது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகு விலை விழுந்தது. இன்றைக்கு ஒரு ஆளுக்கு மூன்று தவணைக்கும் சேர்த்து சில நூறு ரூபாய்தான். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. திடகாத்திரமான பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் காப்பு கிடைத்துவிடுகிறது. குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இது 2002 வாக்கில் சில இடங்களில் தொடங்கி 2011-இல் நாடு முழுக்க வந்தது. அப்படியானால் இன்று பேட்டரி வண்டி ஓட்டுகிற, கூட்டிப் பெருக்குகிற முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பிறந்தபோது அந்த ஊசி திட்டத்திலேயே இல்லை. பெரியவர்களான பிறகு யாராவது கூப்பிட்டுப் போட்டால்தான் உண்டு.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வேடிக்கை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவக் கழிவைக் கையாளுகிற எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிராகத் தடுப்பூசி போடுவது மருத்துவமனை நடத்துகிறவரின் கடமை என்கின்றன. வேலையில் சேரும்போதும் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் உடல் பரிசோதனை, அதற்குப் பதிவேடு. ஊசிகளைக் குத்தாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்துக்குக் கண் மருத்துவமனை மதில் வரைக்கும்தான் தெரிகிறது. மதிலுக்கு உள்ளே இருந்தால் அது உயிரி மருத்துவக் கழிவு. மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் வெறும் குப்பை. அதே ஊசி, அதே ரத்தம். உள்ளே அதைத் தொடுகிறவருக்குத் தடுப்பூசி உரிமை. வெளியே தொடுகிறவருக்கு, அதே 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் கையுறை, காலணி, மழைக்கோட்டு, முகக்கவசம் என்று ஒரு பட்டியல் கொடுத்தன. அந்தக் கையுறையை ஊசி கிழிக்காதா என்று விதி எழுதியவர் யோசித்திருக்க மாட்டார், ஏனென்றால் அவர் கையை அதற்குள் விட்டதில்லை.

மதிலுக்கு உள்ளேயும் சும்மா கிடைத்துவிடுவதில்லை. அங்கே கேள்வி வேறு மாதிரி வருகிறது: நீ யாருடைய ஆள்?

பிழைப்புக்கு வங்கியில் கிளார்க் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வியின் அர்த்தத்தை கவுன்ட்டரில் உட்கார்ந்தே கொஞ்சம் படித்திருக்கிறேன். 2021 கோடையில் எங்கள் கிளையில் கொரோனா தடுப்பூசி முகாம் போட்டார்கள். ஊழியர் எண்ணோடு பட்டியல் தயாரானது. அதிகாரி, கிளார்க், பியூன் எல்லார் பெயரும் இருந்தது. தினமும் எங்கள் எச்சில் டம்ளரை எடுத்துக் கழுவி, கக்கூஸைச் சுத்தம் செய்கிற அம்மா பெயர் இல்லை. அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே, ஏஜென்சி ஆளு என்றார்கள். சங்கத்தில் பேசி மறுநாள் சேர்த்தோம், அது வேறு கதை. ஆனால் கிருமிக்கு ஏஜென்சி தெரியாது என்பது படித்தவர்கள் நிறைந்த ஒரு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கப் பேசித்தான் புரிய வேண்டியிருந்தது.

துப்புரவுத் தொழிலாளர்கள் பதினைந்து தேதிக்கு மேல் வந்து, "சம்பளம் ஏறிச்சா சார்?" என்று பாஸ்புக்கை நீட்டுவார்கள். பதிவு அடித்துக் கொடுக்கும்போது பார்க்கிறேன். ஒரு வருஷம் ஒரு கம்பெனி பெயரில் சம்பளம் வருகிறது, அப்புறம் வேறு பெயர், அதற்கப்புறம் இன்னொரு பெயர். கம்பெனி மாறுகிறது, கூட்டுகிற தெரு மாறுவதில்லை. 2022 அக்டோபரில் வந்த 152-ஆம் எண் அரசாணை மாநகராட்சிகளில் இந்த முறையையே வழியாக்கியது. காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆன ஊர். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்து, நள்ளிரவில் இழுத்துச் செல்லப்பட்ட பெண்கள் கேட்டதும் இதைத்தான்: எங்களுக்கு முதலாளி யார்? அந்தப் போராட்டத்துக்குப் பிறகு அரசு அறிவித்தவற்றில் தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, காப்பீடு, காலை உணவு எல்லாம் இருந்தன. வாங்கிக்கொள்வோம். ஆனால் சிகிச்சை என்பது நோய் வந்த பிறகு. நாம் பேசுவது வருவதற்கு முன்னால்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஊசிக்கு ஆறு மாதம் வேண்டும். காண்ட்ராக்ட் நடுவில் மாறினால், முதல் இரண்டு ஊசி போட்டவன் போய்விடுவான். வந்தவன், "இது நம்ம பீரியட்ல இல்லை" என்பான். மூன்றாவது ஊசி இரண்டு டெண்டருக்கு இடையில் விழுந்து காணாமல் போகும். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி வெட்டு. கூலி வெட்டுக்குப் பயந்து ஊசி வேண்டாம் என்கிறவரை, விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள் என்று அதிகாரி குறிப்பு எழுதுவார். இந்த விழிப்புணர்வு என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு எச்சரிக்கை வர வேண்டும்.

நம் ஜனங்களுக்கும் ஊசிக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1802-இல் பம்பாயில் முதல் அம்மைப்பால் குத்தியதிலிருந்து பல பத்தாண்டுகள் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போனது. ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு. அப்படிக் கொப்புளம் சுமக்கக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள், சேரிக் குழந்தைகள். காசு கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். மேல்சாதிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? தாழ்ந்த சாதிக் குழந்தையின் கையிலிருந்து வந்த நீர் எங்கள் பிள்ளை உடம்பில் ஏறக் கூடாது என்றார்கள். அம்மையில் செத்தாலும் பரவாயில்லை, தீட்டுப் படக் கூடாது. கன்றுக்குட்டியிலிருந்து பால் எடுக்கும் முறை பரவி, 1899-இல் கிண்டியில் அதற்கென்றே கிங் நிறுவனம் வந்து, அப்புறம்தான் அந்தச் சங்கடம் தீர்ந்தது. தடுப்பூசியின் வரலாற்றில் நம் குழந்தைகளின் கை இருக்கிறது, பெயர் இல்லை.

வேலைக்காரனுக்கு ஊசி போடுவதையும் முதலில் நம் உடம்பில்தான் பழகினார்கள். ஹாஃப்கின் தன் காலரா ஊசியை 1890-களில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடம் போட்டுப் பார்த்தார். பிளேக் ஊசியை 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்து பைகுல்லா சிறைக் கைதிகளுக்கு. அதே 1897 மார்ச்சில் புனேயில், பிளேக் கண்ட ஒரு மகார் சிறுவனைத் தோளில் சுமந்து வந்த சாவித்திரிபாய் புலே அதே நோயில் இறந்தார். தெற்கே, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற நம் ஆட்களை 1917 முதல் மண்டபம் முகாமில் சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, பூச்சி மருந்து கொடுத்துக் கப்பல் ஏற்றினார்கள். கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை. துரைமாருக்கு அதில் கணக்கு இருந்தது: கொக்கிப்புழு தின்ற உடம்பு கொழுந்து பறிக்காது. ஊசி நல்லதுதான், உயிரும் காத்திருக்கும். ஆனால் கேட்டுப் போடவில்லை. மாட்டுக்குச் சூடு வைப்பதுபோல் போட்டார்கள்.

இந்த ஞாபகம் இருப்பதால்தான் கட்டாயம் என்கிற பேச்சு வரும்போது நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்துத் தடுப்பூசிக் கட்டுப்பாடுகள் பற்றிய ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை 21-ஆம் பிரிவில் அடங்கியது என்றது. இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, கட்டாயமில்லை, அதனால் நாங்கள் போடவில்லை என்று முதலாளி நழுவப் பார்ப்பான். தொழிலாளிக்குக் கட்டாயமில்லை. முதலாளிக்குக் கட்டாயம். இந்த இரண்டையும் பிரித்துச் சட்டமாக்கிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கூட்டுநர்கள், சலவைக்காரர்கள், தாதிகள் சேர்ந்த சங்கங்கள் 1986-இல் மனுக் கொடுத்துப் போராடி, 1991-இல் ஒரு விதி வந்தது. ரத்தம் படுகிற வேலையில் ஒருவரைச் சேர்த்தால், வேலை கொடுத்த பத்து வேலை நாளுக்குள் ஹெபடைடிஸ் பி ஊசியை இலவசமாக, வேலை நேரம் கெடாதபடி முதலாளி தர வேண்டும். வேண்டாம் என்கிறவர் எழுதிக் கொடுக்கலாம். பிறகு மனம் மாறிக் கேட்டாலும் போட வேண்டும். அங்கே மருத்துவத் துறை ஊழியர்களிடையே 1983-இல் ஏறத்தாழ 17,000 பேருக்கு வந்த தொற்று 1995-இல் 400-க்கு இறங்கியது. ஊசியும் அந்த விதியும் வேறு முன்னெச்சரிக்கைகளும் சேர்ந்து செய்த வேலை.

நம் நாட்டில் 2021 ஜனவரி 16-ஆம் தேதி கொரோனா ஊசி தொடங்கியபோது டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு. எல்லா சேனலிலும் காட்டினார்கள். பிப்ரவரியில் நகராட்சித் தொழிலாளர்களுக்கும் முன்களப் பணியாளர் வரிசையில் இடம் கொடுத்தார்கள். அதற்கு முன் 2019-இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் உட்கார்ந்து அவர்கள் காலைக் கழுவினார். துப்புரவு என்ற பேரைத் தூய்மை என்று மாற்றினார்கள். கால் கழுவ ஆள் கிடைக்கிறது, பேர் வைக்க ஆள் கிடைக்கிறது. ஆனால் 2021 ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டது. நினைத்தால் தெருத்தெருவாகத் தொழிலாளியைத் தேடிப் பிடித்து, பெயர் பதிந்து, இரண்டாம் தவணைக்கு போன் செய்து கூப்பிட்டு ஊசி போட இந்த அரசு இயந்திரத்தால் முடியும். அன்று முடிந்தது ஏன்? அந்த நோய் குப்பை வண்டியிலிருந்து மாடி வீட்டுக்கும் ஏறிவிடும் என்கிற பயம். ஹெபடைடிஸும் டெட்டனஸும் அப்படி மாடி ஏறாது, அள்ளுகிறவரோடு நின்றுகொள்ளும்.

நம் ஊர் 2019-இல் அத்திவரதரைப் பார்த்தது. ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை ஒரு கோடிப் பேர் வந்து போனதாகக் கணக்கு. நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரிலிருந்து வெளியே வருகிறவர் அவர். அந்த ஒரு கோடிப் பேரின் சாப்பாட்டு இலையும் செருப்பும் மலமும் மாத்திரை அட்டையும் இரவோடு இரவாக எங்கே போயின? வெளியூர்களிலிருந்தும் துப்புரவு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தரிசனக் கணக்கைத் தினமும் அறிவித்த ஒலிபெருக்கியில் அவர்கள் கணக்கு வரவில்லை. அடுத்து 2059. அதற்கு முன்னால் வருஷா வருஷம் கருடசேவை, பங்குனி உத்திரம் இருக்கவே இருக்கிறது.

தோழர்கள் எழுப்புகிற முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த வேலையையே ஒழிக்க வேண்டும் என்கிற நாம், இதைப் பத்திரமாகச் செய்ய ஊசி கேட்டால், இந்த வேலை நமக்குத்தான் என்று ஒத்துக்கொண்டதாகாதா? லேசான கேள்வி இல்லை. ஊசி போட்டாச்சு, இறங்கு என்று சொல்ல ஒரு சாக்குக் கிடைக்கும் என்கிற பயமும் நியாயம். விஷவாயுவுக்குத் தடுப்பூசி கிடையாது. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரே கழிவுத் தொட்டியில் ஆறு பேர் செத்தது கிருமியால் அல்ல. 2013-இல் சட்டம் வந்து, 2014 மார்ச் 27 தீர்ப்பில் ஒவ்வொரு சாவுக்கும் பத்து லட்சம் என்றாகி, 2023-இல் அது முப்பது லட்சமான பிறகும் சாவு நிற்கவில்லை. சாக்கடைக்குள், மலக்குழிக்குள் மனிதன் இறங்கக் கூடாது. அதில் பேரம் கிடையாது, அதற்கு ஊசியும் கேட்கக் கூடாது.

ஆனால் தெருக் குப்பை அப்படியல்ல. அதை யாராவது அள்ளித்தான் ஆக வேண்டும். அது சாதியிலிருந்து கழன்று, நல்ல சம்பளமுள்ள, யாரும் வரக்கூடிய வேலையாக மாற வேண்டும். அந்த நாள் வரை இன்று அள்ளுகிறவர் ஈரல் அழுகிச் சாகட்டும் என்று நாம் கொள்கை பேச முடியாது. பாபாசாகேப் சாதி ஒழிப்பையும் எழுதினார், அதே கையோடு 1935-இல் பம்பாய் மாநகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கமும் கட்டினார். வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது சுரங்கப் பெண்களின் பேறுகாலப் படிக்குத் திருத்த மசோதா கொண்டுவந்தார். நாளைக்குப் புரட்சி வரும், அதுவரை பொறு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட உடம்பு அடுத்த போராட்டத்துக்கும் வரும், அவ்வளவுதான்.

ஊசி எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் ஏமாற வேண்டாம். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், நம் மாவட்டத்தில்தான், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களைப் பதிவு செய்து காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். பதினைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. இந்தியா முழுக்கப் பேசப்பட்ட முடிவு. ஆக, தூசி தின்கிற தொழிலாளிக்குக் காசநோய்க்கு இன்னும் சரியான ஊசி இல்லை. அவருக்கு வேண்டியது காற்றோட்டமான வீடு, சத்தான சோறு, வருஷம் ஒரு பரிசோதனை. எலிக்காய்ச்சலுக்கு பூட்ஸும் கையுறையும், மழைக்காலத்தில் டாக்டர் சொல்கிறபடி மாத்திரையும். மஞ்சள்நீர் கால்வாயில் வெறுங்காலோடு இறங்குகிறவருக்கு முதலில் வேண்டியது அங்கே இறங்காமல் இருப்பது. ஊசி உள்ளவை ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், டைபாய்டு. இவற்றிலாவது ஏமாற்றாதே என்பதுதான் கோரிக்கை.

இன்னொரு கண்ணி இருக்கிறது, சங்கத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு ஏற்கெனவே தொற்று இருப்பது தெரியவரும். அந்தக் காகிதம் மேஸ்திரி கையில் போனால் மறுநாள் வேலைக்கு வராதே என்பான், தெருவே அறியும். எய்ட்ஸ் தொற்றுள்ளவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2017-இல் தனிச் சட்டம் வந்தது. ஹெபடைடிஸுக்கு அப்படியொரு கவசம் எழுதப்படவில்லை. ஆகவே பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் டாக்டருக்கும் மட்டும். ஊசி அட்டை தொழிலாளியின் கையில், காண்ட்ராக்டரின் பீரோவில் அல்ல. தொற்று இருந்தால் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், அதையும் சொல்லி அனுப்ப வேண்டும். ஊசி போட்ட நாளுக்கும் அடுத்த நாளுக்கும் கூலி. கம்பெனி மாறினாலும் தவணை மாறாமல் இருக்க, போடுகிற பொறுப்பு மாநகராட்சியின் நகர்நல மையங்களுக்கு, செலவு முதன்மை வேலையளிப்பவர் தலையில். டெண்டர் பத்திரத்திலேயே இது ஒரு வரியாக ஏறட்டும். ஊசி குத்திவிட்டால் உடனே எங்கே ஓட வேண்டும் என்று ஒவ்வொரு வண்டியிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், எய்ட்ஸ் தடுப்பு மாத்திரைக்கு 72 மணி நேரம்தான் கெடு. அதற்குள் தொடங்காவிட்டால் பயனில்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

செங்கல்பட்டில் நூறு ஏக்கரில், பல நூறு கோடியில், ஹெபடைடிஸ் பி உட்படத் தயாரிக்கவென்று 2012-இல் ஒப்புதல் பெற்றுக் கட்டிய தடுப்பூசி வளாகத்திலிருந்து, 2021-இல் கொரோனாவில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதுகூட ஒரு புட்டி வெளியே வரவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போதைக்குக் கல்லூரித் தோழர்களிடம் ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் மூன்று கேள்வி போடுங்கள். கழிவைக் கையாளுகிறவர்கள், நேரடி ஆட்களும் ஒப்பந்த ஆட்களும் தனித்தனியாக, எத்தனை பேர்? அவர்களில் ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் முடித்தவர் எத்தனை பேர்? அதற்கான பதிவேட்டின் நகல் எங்கே? பதில் சொல்ல அவர்களுக்கு முப்பது நாள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், சேர்ந்து எழுதலாம். வருகிற பதில்களை ஒரு எழுத்து மாற்றாமல் அடுத்த இதழில் அச்சிடுகிறோம். வராத பதில்களையும், எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று பெயரோடு.